பிச்சாவரம்: ஒரு காடு அழிந்த கதையும் மீண்ட கதையும்

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிக் கிழக்கே நெடுந்தூரம் சென்று, கிள்ளைக் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். வழியில் கிள்ளை தைக்காலில் முஸ்லிம் மக்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்பதை அந்த வட்டாரத்து மாணவர்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். பெருமாள் செல்லும் அதே திசையில் இன்னொன்றும் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து கடலுக்குச் செல்கிறது. அதற்கு மேளதாளம் கிடையாது. அது வெள்ளாற்று நீர். விருத்தாசலத்தைத் தொட்டுவரும் மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டை அருகே அது கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கேயுள்ள கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில், கிள்ளையை ஒட்டி இருப்பதுதான் பிச்சாவரம் காடு.

சினிமாப் படப்பிடிப்புக்கும் படகுச் சவாரிக்கும் பெயர்பெற்ற இடம் என்றே இதைப் பலர் அறிவர். ஆனால் சூழலியல் கற்க விரும்பும் கல்லூரி மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே. ஒரு காடு எப்படி அழிந்தது, அழித்தவர் என்று யார்மீது பழி விழுந்தது, உண்மை எப்படி வெளிப்பட்டது என்னும் மூன்றும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

முதலில் மரங்களைப் பார்ப்போம். கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் சாதாரண மரம் எதுவும் பிழைக்காது. மாங்காயை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது, காய் சுருங்குகிறது. உப்புச் சேற்றில் வேரூன்றும் செடிக்கும் அதே கதிதான். இக்காட்டின் மரங்களோ இந்த ஆபத்துக்கு ஆளுக்கொரு வழி கண்டிருக்கின்றன. அவிசென்னியா என்னும் வெண்கண்டல் மரம் உப்பை உள்ளே ஏற்று, இலைகளின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. உச்சி வெயிலில் அதன் இலையை நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சேற்றில் காற்று இல்லாததால், பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மூச்சு வேர்களை மேல்நோக்கி அனுப்புகிறது. ரைசோபோரா என்னும் சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிப் பிறகுதான் விழுகிறது. தில்லை மரமும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். தில்லை என்றே பெயர் பெற்ற சிதம்பரத்தில் இன்று தில்லைக் காட்டைத் தேடினால் கிடைக்காது. அதைக் காணப் பிச்சாவரத்துக்குத்தான் போகவேண்டும்!

இத்தகைய மரங்களை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து வனத்துறை விறகாகவும் கட்டையாகவும் பார்த்தது. காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை முற்றிலும் வெட்டி எடுப்பது வழக்கமாயிற்று. வெட்டிய பகுதி மீண்டும் வளர்வதற்குள் அடுத்த பகுதிகள் வெட்டப்படும். சுற்று முடியும்போது முதற்பகுதி மறுபடி தயாராக இருக்கும் என்பது கணக்கு. மலைக்காடுகளில் வேலை செய்தவர்கள் 'கூப்பு' என்று சொல்வார்களே, அதுதான் இது. சுதந்திரத்துக்குப் பின்னும் இம்முறை தொடர்ந்து, 1970களில்தான் நின்றது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் சேற்றுநிலம் அந்தக் காகிதத்தின்படி நடக்கவில்லை. வெட்டிய இடங்களில் பெரும்பகுதி மறுபடி முளைக்காமல், வெள்ளையாக உப்புப் பூத்த வெற்றுத் திட்டுகளாகக் கிடந்தது.

காரணம் என்ன? ஊரார் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், ஆகவே காடு அழிகிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். மாடு மேய்ந்தது உண்மை. விறகு வெட்டப்பட்டதும் உண்மை. ஆகவே பதில் பொருத்தமாகவே தோன்றியது. இந்தப் பழி யார்மேல் விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கிள்ளைப் பகுதியின் மீனவர்கள் மீதும், ஓடைகளில் இடுப்பளவு நீரில் இறங்கி வெறுங்கையால் தடவி இறால் பிடித்து வயிறு வளர்க்கும் இருளர்கள் மீதும்! காடு அழிந்தால் முதலில் பட்டினி கிடக்கவேண்டியவர்களே காட்டை அழித்தவர்களாகக் கருதப்பட்டனர்.

மறுபுறத்தில், இதே பகுதியை அமைதியாக அளந்துகொண்டிருந்தவர்களும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே கடல் உயிரியல் நிலையத்தை அமைத்தது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா அதற்கு அடித்தளமிட்டவர். 1960களிலிருந்து அங்கு உயர் ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. நீரின் உப்பளவு, வெப்பம், மிதவை உயிர்கள், மீன் குஞ்சுகள் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அங்கே குறிப்பெடுத்து வந்திருக்கின்றனர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பிரான்சுவா பிளாஸ்கோ இந்தியாவின் சதுப்புநிலக் காடுகளைப் பற்றி எழுதிய நூலும் 1975இல் வெளிவந்தது. பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படாத உழைப்பு இது.

1990களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையுடன் சேர்ந்து பிச்சாவரத்தை ஆராய முற்பட்டது. வி. செல்வமும் அவருடன் பணியாற்றியவர்களும் வெற்றுத் திட்டுகளின் மண்ணை எடுத்து உப்பை அளந்தனர், நிலமட்டத்தையும் அளந்தனர். அப்போதுதான் புதிர் அவிழ்ந்தது. வெற்றுத் திட்டுகள் சுற்றியிருந்த நிலத்தைவிடத் தாழ்ந்து, தாம்பாளம் போலக் குழிந்திருந்தன!

விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களில் வேலை செய்பவரிடம் கேட்டால் இதற்கு விளக்கம் உடனே கிடைக்கும். ஈரக் களிமண் உலரும்போது சுருங்கும்; அதை எண்ணியே அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். காடு நின்றவரை அதன் நிழல் சேற்றைக் காத்தது. பெரும்பரப்பில் ஒரே சமயத்தில் மரங்களை வெட்டியதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் ஆவியாக, மண் சுருங்கி நிலம் அமிழ்ந்தது. பிச்சாவரத்தில் கடல் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆகவே நிலம் சிறிது தாழ்ந்தாலே போதும், ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் இறக்கத்தில் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். தேங்கிய நீர் கோடை வெயிலில் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இத்திட்டுகளில் உப்பு அதைப் பன்மடங்கு தாண்டியது. வெண்கண்டல் விதைகூட அங்கே கருகிப்போகும்.

ஆக, மாட்டைவிடவும் கோடரியைவிடவும் பெரிய குற்றவாளி கூப்பு முறையே என்பது தெளிவாயிற்று. விறகுக்காக ஒருவர் அங்கொன்று இங்கொன்றாக மரம் வெட்டினால் நிலம் தாழாது. ஒரே நேரத்தில் பெரும்பரப்பை மொட்டையடித்தால் தாழும். ஊர்மக்கள் மீதிருந்த பழியின் பெரும்பங்கை ஒரு மட்டக்கோலும் உப்புக் கணக்கும் இறக்கிவைத்தன.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரியும் அல்லவா? தேங்கிய நீரை வடிப்பதே மருந்து. இயற்கையான ஓடையிலிருந்து திட்டுக்குள் ஒரு பெரிய வாய்க்காலை வெட்டினார்கள்; அதன் இருபுறமும் சாய்கோணத்தில் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப் போலவே இருக்கும். நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர் இவ்வாய்க்கால்கள் வழியே வந்து, மண்ணைக் கழுவி, உப்பைச் சுமந்துகொண்டு வெளியேறியது. உப்பு இறங்கிய பிறகே வாய்க்கால் கரைகளின் சரிவில் வெண்கண்டல் நாற்றுகளை நட்டனர். மண் வெட்டியவர்களும் நட்டவர்களும் காவல் காத்தவர்களும் யார்? முன்பு பழி சுமந்த அதே கிராமத்தார்தாம். 1986ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தையும் 2002ஆம் ஆண்டின் படத்தையும் ஒப்பிட்டபோது மரப்பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. பின்னர் ஆந்திரத்திலும் ஒரிசாவிலும் இம்முறை கையாளப்பட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இதற்கிடையே 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னாலிருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் பிழைத்தன. கடலை நேரே பார்த்திருந்தவை நாசமாயின. 2005இல் பரங்கிப்பேட்டை மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும், இப்பகுதியின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, காடு உயிர்களைக் காத்தது என்று எழுதினர். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழிலும் கடலூர் மாவட்டக் கரையைப் பற்றி அதே கருத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டே வேறு சில விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினர். காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. சேதம் குறைந்ததற்கு அதுவே போதிய காரணமாகலாம் என்றனர். காட்டின்மேல் அன்புள்ளவர்களுக்கு இம்மறுப்பு கசக்கத்தான் செய்யும். எனினும் இது நியாயமான கேள்வி என்றே நான் கருதுகிறேன். மரங்கள் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைக்கும், எத்தகைய அலையில் குறைக்கும் என்பதைத்தான் அளந்து சொல்லவேண்டும். மாட்டைப் பழித்தபோது அளக்காமல் பேசியது தவறென்றால், மரத்தைப் புகழும்போதும் அதே தவறைச் செய்யலாமா?

இங்கே மாணவ நண்பர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து நம் கல்லூரிகளில் மரம் நடுவிழாவுக்குக் குறைவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பயனாகச் சூழலியல் இன்று பட்ட வகுப்புகளில் கட்டாயப் பாடமாகவும் இருக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம், பிப்ரவரி 2 ஈரநில தினம், ஜூலை 26 சதுப்புநிலக் காடுகள் தினம் என்று நாட்களும் வந்துபோகின்றன. கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு அந்த நாட்கள் முடிந்துவிடுகின்றன. உப்பை அளக்காமல் பிச்சாவரத்தில் ஆயிரம் கன்றுகளை நட்டிருந்தாலும் ஆயிரமும் கருகியிருக்கும் அல்லவா?

மாணவர்கள் அளந்தே சாதித்த உதாரணம் சென்னையில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் இரவுகளில் கடற்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினர். ஐ.ஐ.டி. மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கர் அவர்களுடன் சேர்ந்தவர், படிப்பை விட்டே போனார்! லட்சத்தீவிலும் அந்தமானிலும் கடற்கரை கடற்கரையாக நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982 மழைக்காலத்தில் ஆளில்லாத சுஹேலித் தீவில் தன்னந்தனியாக மாதக்கணக்கில் தங்கினார். படிப்பை விடச் சொல்லி நான் உங்களைத் தூண்டவில்லை. 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர்; அவர்கள் படித்துக்கொண்டேதான் இரவில் நடந்தனர். ஜனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை அந்த நடை இன்றும் நடக்கிறது. முட்டைகளைக் காப்பதோடு, கூடுகள் எத்தனை, இறந்து ஒதுங்கிய ஆமைகள் எத்தனை என்று எழுதியும் வைக்கின்றனர்.

கடலோரத்தில் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒன்று. கால் மணி நேரம் நின்று பார்த்ததை எழுதி அனுப்பினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்து மாணவருக்கு வீராணம் ஏரி எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலை படிக்கலாம். அந்த அளவுக்கு ஆர்வமில்லை என்றால், நான்கு நண்பர்கள் சேர்ந்து, மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வெள்ளாற்று நீரின் மட்டத்தையும் வெப்பத்தையும் உப்பையும் குறித்து வாருங்கள். மேலே மழைநீர் குறைந்தால் கீழே சுரபுன்னைக்கு நல்ல நீர் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்ல ஆண்டுக்கணக்கான குறிப்பு வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும், கையடக்கமான ஓர் உவர்ப்புமானியும் போதும். அடுத்த வகுப்பாரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போக மறவாதீர்கள்.

பிச்சாவரத்துக்குச் செல்வதாயின் சிதம்பரம் வழியாகக் கிள்ளைக்குப் போகவேண்டும். புறப்படுமுன் இணையத்தில் அப்பகுதியின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காட்டின் நடுவே நேர்கோடாக ஒரு வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு கோடுகளும் தெரியும். வண்டல் சேர்ந்தால் அவ்வாய்க்கால்கள் தூர்ந்துவிடும். தூர்ந்த இடத்தில் நீர் தேங்கும். படத்தில் எந்த மீன்முள் முழுதாக இருக்கிறது, எது பாதியில் மங்கிப்போகிறது என்று குறித்துக்கொண்டு போய், படகோட்டியிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.