நீரின் கணக்கை உப்பின் பெயரில் எழுதுதல்

ஒத்தக்கடையில் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால் 'உப்பு' என்ற சொல் நான்கு பொருளில் காதில் விழும். ரத்த அழுத்தக்காரரிடம் 'உப்பைக் குறைங்க' என்றால் அது சாப்பாட்டு உப்பு. 'கிட்னியில உப்பு ஏறிருச்சு' என்றால் கிரியாட்டினின். கர்ப்பிணிக்கு 'யூரின்ல உப்பு போகுது' என்றால் அல்புமின், அதாவது புரதம். நான்காவது, 'ரத்தத்துல உப்பு இறங்கிருச்சு': இதுதான் சோடியம். இந்த நான்காவது வழக்கே நான்கிலும் அதிகம் திசைதிருப்புகிறது என்பதும், திசை மாறுவது நோயாளியின் வீட்டார் மட்டுமல்ல, வார்டில் இருக்கும் நாமும்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வகம் தரும் எண் உடலில் உள்ள உப்பின் அளவன்று. ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை மில்லிமோல் சோடியம் என்ற விகிதம் அது. இயல்பு 135 முதல் 145 வரை. 2014இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் 125க்குக் கீழே போவதைக் கடுமையான குறைவு என்று வகுத்தது. விகிதம் இறங்க இரண்டு வழிகள் உண்டு: மேலே உள்ளது குறையலாம், கீழே உள்ளது பெருகலாம். மருத்துவமனையில் நாம் காண்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. வலி, குமட்டல், அறுவை சிகிச்சை, நுரையீரல் நோய், மூளைக் காய்ச்சல், பல மாத்திரைகள் எனப் பலவும் வாசோபிரசின் என்ற ஹார்மோனைத் தூண்டுகின்றன. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ஆக, 'உப்பு இறங்கிருச்சு' என்று சொல்லும் இடங்களில் பலவற்றில் உண்மையில் நடந்தது தண்ணீர் ஏறியதுதான். வீட்டார் உப்புப் போட்ட கஞ்சியைத் தூக்குச் சட்டியில் கொண்டுவருகிறார்கள். நாம் சலைன் பாட்டிலை மாட்டுகிறோம். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் தர்க்கம் ஒன்றே.

ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். யானைமலை அடிவாரத்திலிருந்து வருகிறார். வயது 70, எடை 40 கிலோ. ரத்த அழுத்தத்துக்குத் தயசைட் வகை மாத்திரை. சாப்பாடு ஒரு வேளைக் கஞ்சியும் இரண்டு வேளைக் காபியும். வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னதால் குடித்தார். தள்ளாடி விழுந்தார். சோடியம் 112. அவர் எந்த வாசல் வழியாக நுழைகிறாரோ அந்த வாசலே அவருடைய நோயைத் தீர்மானித்துவிடும். இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் எலும்பு வார்டு: அறுவைக்கு முன் வெறும் வயிறு, டிரிப்ஸ், வலிக்கு ஊசி. உளறினால் மனநலப் பிரிவு. அங்கே எஸ்சிட்டலோபிராம் சேரலாம், அதுவும் சோடியத்தை இறக்கும் மருந்தே. இருமினால் நெஞ்சக நோய்ப் பிரிவு. வலிப்பு வந்தால் நரம்பியல். சர்க்கரை 600 இருந்தால் கதையே வேறு: குளுக்கோஸ் 100க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் சோடியத்தில் 1.6 கூட்டிக் கணக்கிட வேண்டும். அப்படியொருவரின் 128 என்பது 136 ஆகிவிடும், அங்கே குறைவே இல்லை.

ஒவ்வொரு துறையும் இந்த நீர் மிகுதியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது என்பதே இந்நோயின் வரலாறு. நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரைக் கொண்டு 1957இல் ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் வாசோபிரசின் ஹார்மோன் மிகையை விவரித்தார்கள். அதே 1957இல் ஹாலிடே, சீகர் இருவரும் குழந்தைகளுக்கான டிரிப்ஸ் கணக்கை எழுதினார்கள். உப்புக் குறைந்த திரவத்தையே பரிந்துரைத்த அந்த மரபை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல்தான் முறையாக மாற்றச் சொன்னது. சிறுநீரகவியல் அறுவையாளர்களோ புராஸ்டேட்டைச் சுரண்டும்போது கழுவப் பயன்பட்ட கிளைசின் நீர் ரத்தத்தில் ஏறுவதை அறிந்து அதற்குத் தனிப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வார்டு அறிந்ததை இந்த வார்டு கேட்டுக்கொள்ள அறுபது ஆண்டு பிடித்தது என்றால் மிகையாகாது.

இப்போது சலைனுக்கு வருவோம். ஒரு லிட்டர் 0.9 விழுக்காடு சலைனில் சோடியம் 154, குளோரைடு 154, ஆக மொத்தம் 308 மில்லிஆஸ்மோல். ஹார்மோன் மிகையால் நோயாளியின் சிறுநீர் 616 செறிவில் இறுகியிருந்தால், அந்த 308ஐ வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீரே போதும். உப்பு முழுதும் வெளியே போயிற்று. மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கிவிட்டது. காலையில் 118, சலைனுக்குப் பின் மாலையில் 115 என்று கேஸ் ஷீட்டில் பார்த்து 'இன்னொரு பாட்டில் போடுங்க' என்று எழுதும் கை எதைச் செய்கிறது என்பது இப்போது விளங்கும். அதே சலைன் வாந்தி பேதியில் வற்றிப்போனவருக்கு உயிர்மருந்து. காசநோய் மூளைக் காய்ச்சலில் இந்தச் சிக்கல் உச்சத்தில் நிற்கிறது: ஒருவருக்கு ஹார்மோன் மிகை, அடுத்த கட்டிலில் சிறுநீர் வழியே உப்பும் நீரும் சேர்ந்தே இழப்பு. முன்னவருக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பின்னவருக்குக் குறைத்தால் ஆபத்து. சோடியம் எண் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும்.

எனவே பாட்டிலை மாட்டுமுன் சிறுநீரைப் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பு உடனே வரும்: செறிவு அளக்கும் கருவி எத்தனை அரசு மருத்துவமனைகளில் உண்டு? மறுப்பு நியாயமானது, ஆனால் முழுமையானதன்று. ரத்தச் சோடியத்தை அளக்கும் இடத்திலேயே சிறுநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்க வழி உண்டு. இரண்டின் கூட்டுத்தொகை ரத்தச் சோடியத்தைவிட அதிகமாக இருந்தால், தண்ணீரைக் குறைப்பது மட்டும் பலன் தராது. பாதிக்கும் கீழே இருந்தால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்ற கட்டுப்பாடே வேலை செய்யும். கூட்டலும் ஒப்பிடலும் தெரிந்தால் போதும்.

வலிப்போ மயக்கமோ இருந்தால் இந்த ஆராய்ச்சிக்குக் காத்திருக்கக் கூடாது. மூளை வீங்குகிறது; 3 விழுக்காடு சலைன் உடனே வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 20 நிமிடத்தில் 150 மில்லி என்கிறது. ஆனால் நம் மூதாட்டியின் 40 கிலோ உடலில் நீர் சுமார் 18 லிட்டர்தான். 150 மில்லி அவருக்குச் சோடியத்தை 3 புள்ளி அளவுக்கு உயர்த்தும். மூன்று முறை போட்டால் 9ஐத் தாண்டும். முதல் 24 மணி நேரத்துக்கு 10 என்ற எல்லை அதோடு ஏறத்தாழ முடிந்தது; ஊட்டம் குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், பொட்டாசியம் தாழ்ந்தவர் ஆகியோருக்குப் பலர் வகுக்கும் எல்லையான 8 கடந்தே போயிற்று. கிலோவுக்கு 2 மில்லி, அதாவது 80 மில்லி என்று தொடங்குவதே இந்த உடலுக்குப் பொருத்தம்.

வேகமாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதை, 1959இல் ஆடம்ஸ் குழுவினர் விவரித்த மூளைத்தண்டு மயலின் சிதைவு நமக்கு அச்சுறுத்திச் சொல்லி வருகிறது. நோயாளி தெளிவார், சில நாள் கழித்து நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கைகால் செயலிழக்கும். அந்த அச்சத்தை 2023இல் வந்த இரு ஆய்வுகள் அசைத்தன. டொரன்டோ மருத்துவமனைகளின் 22,858 சேர்க்கைகளில் 12 பேருக்கே இச்சிதைவு வந்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வேகத் திருத்தம் நடக்கவில்லை. இன்னொன்று, மிக மெதுவாக உயர்த்தியவர்களிடையே இறப்பு அதிகம் என்றது. இதை வைத்து எல்லையையே கைவிடலாம் என்போருடன் நான் உடன்படவில்லை. நோயின் கடுமையே மெதுவான உயர்வுக்கும் இறப்புக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம். மெலிந்த, பொட்டாசியம் தாழ்ந்த நம் நோயாளி டொரன்டோவின் சராசரி நோயாளியும் அல்லர். ஆனால் அச்சத்தால் வலிப்பு நோயாளிக்கு 3 விழுக்காட்டை மறுக்கும் வழக்கத்துக்கு இவ்வாய்வுகளுக்குப் பின் இடமில்லை.

உண்மையான ஆபத்து பாட்டிலில் இருப்பதைவிடச் சிறுநீர்ப் பையில் இருக்கிறது. தயசைடை நிறுத்தி, வாந்தி அடங்கி, அட்ரீனல் குறைவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டதும் ஹார்மோன் அடங்குகிறது. தேங்கிய தண்ணீர் மடை திறந்ததுபோல் வெளியேறுகிறது. மணிக்கு 100 மில்லிக்கு மேல் தெளிந்த சிறுநீர் போனால் சோடியம் தானாகவே பாய்ந்து ஏறும். இதை முதலில் காண்பவர் இரவுப் பணிச் செவிலியர். அந்த அளவு தெரிந்தவுடன் யாரை எழுப்புவது என்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வார்டு மாறினாலும் அந்தப் பக்கம் நோயாளியோடே போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்கொரு சோடியம், ஏற்றியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, பொறுப்பு மருத்துவர் யார் என்ற நான்கு பத்திகள் போதும். பொட்டாசியம் ஏற்றியதும் அதே கணக்கில் சேர வேண்டும், ஏனெனில் அதுவும் சோடியத்தை உயர்த்தும்.

மூதாட்டி வீடு திரும்புகிறார். அவருடைய மாத்திரை டப்பாவில் பழைய தயசைட் இன்னும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் ஊழியர் பார்ப்பது நாம் எழுதிக் கொடுக்கும் தாளை மட்டுமே. அதில் 'உப்பு குறைவு' என்று எழுதினால் உப்பு கூடும், மாத்திரையும் தொடரும். 'இந்த மாத்திரையால் உடலில் நீர் மிகுந்தது, நிறுத்தப்பட்டது, ஒரு வாரத்தில் சோடியம் பார்க்க வேண்டும்' என்று தமிழில் எழுத மூன்று வரி பிடிக்கும்.