ஆற்றங்கரையில் நின்ற கிட்டங்கிகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து உறவுக்காரர் யார் சிங்கப்பூர் வந்தாலும், முதலில் அவர்களை ஆற்றங்கரைக்குத்தான் கூட்டிப் போவேன். கழிமுகத்திலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நிதானமாக நின்று பார்த்தாலும் அரை நாள் போதும். ஆற்றின் நீளமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். ஆனால் 1819இல் ராஃபிள்ஸ் கரையிறங்கிய நாளிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தீவின் பிழைப்பு இந்தத் தண்ணீரை நம்பித்தான் நடந்தது. மூட்டை சுமந்தவர்களிலும் கடன் கொடுத்தவர்களிலும் தமிழர் நிறையப் பேர்.

எம்பிரஸ் பிளேஸில் தொடங்கலாம். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1850இல் வந்துபோனதன் நினைவாக நிறுத்திய கூர்நுனித் தூண் அங்கே இருக்கிறது. ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ் என நான்கு மொழிகளில், வணிகத்துக்குத் தடை கூடாது என்ற கொள்கையைப் பாராட்டும் வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதுதான் இந்த ஊரின் முதல் மூலதனம். அந்தச் சேதி தமிழில் படிப்பவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிடும். சரக்கைத் தோணிகள்தான் ஆற்றுக்குள் கொண்டுவரும். தொடக்க காலத்தில் அந்தத் தோணிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். கரையை ஒட்டியுள்ள சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கிறது. சற்றுத் தள்ளி சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும், தெலுக் ஆயரில் நாகூர் தர்காவும் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோணித் தொழில் ஹொக்கியன், தியோச்சியூ சீனர் கைக்குப் போனது. அவர்களுடைய படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். போகிற வழி படகுக்குத் தெரிய வேண்டும் என்பது நம்பிக்கை.

1869இல் கட்டிய கேவனா பாலத்தை அவசியம் நடந்து கடக்க வேண்டும். இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்தன; வேலையில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு உண்டு. பாலம் தாழ்வாக அமைந்துவிட்டதால் கடல் ஏறும் நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல், தண்ணீர் வற்றும் வரை காத்துக் கிடந்தன. 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 150 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும் மாடு, குதிரைகளும் போகக்கூடாது என்ற பலகை இன்னும் பாலத்து முனையில் நிற்கிறது. 1910இல் ஆண்டர்சன் பாலம் திறந்தபின் இதை நடப்பவர்களுக்கென்று விட்டுவைத்தார்கள்.

பாலத்துக்கு எதிரே வரிசைத் தூண்களோடு நிற்பது ஃபுல்லர்டன் ஹோட்டல். ஃபுல்லர்டன், சென்னையில் கம்பெனி நிர்வாகத்தில் இருந்துவிட்டு, சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு முதல் கவர்னரானவர். 1928இல் திறந்த இந்தக் கட்டடத்தில்தான் தலைமைத் தபாலகம் 1996 வரை இயங்கியது. 2001இல் ஹோட்டலாயிற்று. அறை எடுக்காவிட்டாலும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ஊருக்குக் கடிதம் போட்டது இங்கேதான்.

ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய, போனது மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு. ஆற்றின் படகுத்துறையான போட் கீயின் முதுகுப்புறம் உள்ள தெரு. முன்னால் ஆற்றோரம் தவுக்கே எனப்பட்ட சீன முதலாளிகளின் கிடங்குகள். 1860களில் தீவின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு அந்தக் கரையில் நடந்தது. பின்னால் அவர்களுக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் கடன் கொடுத்த நகரத்தார் கிட்டங்கிகள்.

பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடைப் பொறுப்பாளரான மேலாள் ஆனவர் ஐயா. கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். சுவரோரம் வரிசையாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். நாற்காலி கிடையாது. கடன் கேட்டு வருகிறவரும் தரையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். சமையல் பொது. பகலில் கடை, இரவில் பாயை உதறிப் போட்டால் படுக்கை. மூன்று வருடத் தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கப்பல் ஏறலாம். மூன்று வருடத்துக்கு ஒரு தரம் புருஷனைப் பார்த்த அப்பத்தாவுக்கு, சிங்கப்பூர் என்பது தபாலில் வரும் கையெழுத்துதான்.

அந்தக் கிட்டங்கிகளில் ஒன்றுகூட இன்று மார்க்கெட் ஸ்திரீட்டில் இல்லை. 1970களில் வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும் எழும்ப அவை இடிபட்டன. ஆறும் மாறியது. குப்பையும் எண்ணெயும் சாக்கடையுமாக நாறிய ஆற்றைப் பத்தாண்டுக்குள் சுத்தமாக்க வேண்டும் என்று லீ குவான் இயூ 1977இல் சொன்னார். 1983இல் சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். 1987இல் வேலை முடிந்தது. 1989இல் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியானது. மூட்டை ஏறி இறங்கிய கடைவீடுகளில் இப்போது மேசை போட்டு உணவு பரிமாறுகிறார்கள்.

ஆற்றோடு மேலே போனால் ஆர்ட் பாலம் வரும். பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருந்ததால் கள்ளுப் பாலம் என்றே சனங்கள் சொன்னார்கள். இன்னும் மேலே, 1895இல் கட்டிய சரக்குக் கிடங்கு ஒன்று 2017இல் வேர்ஹவுஸ் ஹோட்டலாகத் திறந்தது. ஆற்றை ஒட்டித் தங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கூரையின் மூன்று முகடுகளைப் பார்த்தாலே பழைய கிடங்கு என்று தெரிந்துவிடும்.

நடை முடிவது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில். நகரத்தார் 1859இல் கட்டியது. இப்போதுள்ள கட்டடத்துக்குக் குடமுழுக்கு 1983இல் நடந்தது. தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் புறப்பட்டு இங்கேதான் வந்து சேர்கின்றன.

இந்த அரை நாளில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். அரசாங்கம் கட்டியது நின்றது. முதலாளியின் கிடங்கு நின்றது. சமூகம் தன் சொத்தாக எழுப்பிய கோயில் நின்றது. உழைத்தவன் பாய் விரித்த கூடத்துக்கு மட்டும் இங்கே சாட்சி இல்லை. அந்தச் சாட்சி இருப்பதெல்லாம் காகிதத்தில்: பேரேடுகளில், ஐந்தொகைகளில், மேலாள் எழுதிய கடிதங்களில். அவை செட்டிநாட்டு வீடுகளின் பரணில் கிடக்கின்றன. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது மரச்சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறது. பேரேடு எடைக்குப் போகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அந்த அளவுக்கு நம்மால் முடியாமல் போகலாம். வீட்டுப் பேரேட்டை எடைக்குப் போடாமல் இருக்க முடியும். முதல் பக்கத்தில் மார்க்கெட் ஸ்திரீட் முகவரி இருந்தால், ஒரு படமாவது எடுத்துவிட்டு, ஆவணக்காப்பகத்திடமோ நூலகத்திடமோ கேளுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சிய ஐயாவின் கணக்கை நான் அப்படித்தான் ஒப்படைக்கப் போகிறேன்.