துளைத்தகட்டு ஓட்ட அளவி வடிவமைப்பு மென்பொருள்கள்

குழாயில் ஓடும் நீர்மம், வளிமம், நீராவி ஆகியவற்றை அளக்கும் துளைத்தகட்டின் (ஆரிஃபிஸ் தகடு) துளை விட்டத்தைக் கணக்கிடவும், நிறுவப்பட்ட அளவியைச் சரிபார்க்கவும் பயன்படும் கணினி நிரல்கள் இவை. சுத்திகரிப்பு ஆலைகள், அனல் மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலைகளின் கருவியியல் பொறியாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

அடிப்படை

துளையில் பாய்மம் நெருக்கப்படும்போது தகட்டின் இரு புறமும் அழுத்தம் வேறுபடுகிறது. ஓட்டம் அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அமையும். ஓட்டம் பாதியானால் அழுத்த வேறுபாடு கால்வாசியாகும். கணக்குக்கான விதிகளை ஐஎஸ்ஓ 5167 தரநிலை வகுத்துள்ளது. துளைத்தகடுகளுக்கு உரியது அதன் 2ஆம் பகுதி.

கணக்கிடும் முறை

உண்மையான ஓட்டத்துக்கும் கோட்பாட்டு ஓட்டத்துக்கும் உள்ள விகிதமான வெளியேற்றக் குணகம், ரெனால்ட்ஸ் எண்ணைச் சார்ந்தது. ரெனால்ட்ஸ் எண்ணோ, கண்டறிய வேண்டிய ஓட்டத்தையே சார்ந்தது. எனவே மென்பொருள் ஒரு மதிப்பை ஊகித்துத் தொடங்கி, விடை நிலைபெறும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. 100 மி.மீ. குழாயில் 60 மி.மீ. துளை, 20 பாகை செல்சியஸ் நீர், 25 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாடு எனக் கொள்வோம். 0.602 எனத் தொடங்கும் குணகம், தரநிலையிலுள்ள ரீடர்-ஹாரிஸ்/கல்லகர் சமன்பாட்டின்படி 0.609இல் நிலைபெறும். ஓட்டம் மணிக்கு ஏறத்தாழ 47 கன மீட்டர். நீராவியாக இருந்தால் அடர்த்தியை ஐஏபிடபிள்யூஎஸ்-ஐஎஃப்97 சூத்திரங்கள் தரும்.

வகைகள்

எண்ட்ரஸ்+ஹவுசரின் அப்ளிகேட்டர் போன்றவை கருவி தயாரிப்பாளர்கள் தங்கள் அளவிகளைத் தேர்ந்தெடுக்க உதவும் வகையில் வழங்குபவை. கான்வால் போன்றவை எந்தத் தயாரிப்பாளரையும் சாராதவை. தரநிலையில் அடங்காத வடிவங்களை ஆராய, ஓப்பன்ஃபோம், ஆன்சிஸ் ஃபுளூயன்ட் போன்ற கணினிவழிப் பாய்ம இயக்கவியல் நிரல்கள் பயன்படுகின்றன.

வரம்புகள்

துளையில் பாய்மம் நுழையும் பக்கத்து விளிம்பு கூர்மையாக இருப்பதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. தரநிலைப்படி விளிம்பின் ஆரம் துளை விட்டத்தில் 0.0004 பங்குக்கு மிகலாகாது; 60 மி.மீ. துளைக்கு இது 0.024 மி.மீ. விளிம்பு மழுங்கினால் அளவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தகட்டுக்கு முன்னே 90 பாகை வளைவு ஒன்று இருந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் குழாய் விட்டத்தைப் போல் 42 மடங்கு, அதாவது 4.2 மீட்டர் நேர்க்குழாய் இருக்க வேண்டும். இல்லாவிடில் பிழை கூடும். இந்நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினாலும் எடுத்துக்காட்டிலுள்ள துளை-குழாய் விட்ட விகிதத்தில் வெளியேற்றக் குணகத்தின் உறுதியின்மை 0.5 விழுக்காடு. அதைவிடத் துல்லியம் தேவைப்பட்டால் அளவியை ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். இந்தியாவில் பாலக்காட்டிலுள்ள பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியைச் செய்கிறது.