திரும்பிய முகமும் தொங்கிய கையும்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் வருகிற ஸ்ரீமுஷ்ணம் சிறிய ஊர்தான். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் இறைவன் தானே வெளிப்பட்ட எட்டுத் தலங்கள் என்று வைணவ மரபு எண்ணும் வரிசையில் திருவரங்கத்தோடும் திருவேங்கடத்தோடும் அது நிற்கிறது. மூலவர் பூவராகருக்குச் சாளக்கிராமத் திருமேனி. இடுப்பில் கைகளை ஊன்றி, மேற்கு நோக்கி நிற்கிறார். முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. இதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இரணியாட்சன் சாகும் தறுவாயில், தன் பக்கம் முகத்தைத் திருப்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம். கொன்றவர் திருப்பினார்.

அசுரனைக் கொன்ற கதைகள் உலகெங்கும் உள்ளன. கொன்ற பிறகு அவனை என்ன செய்வது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. ஸ்ரீமுஷ்ணத்துக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதற்கு நேர் எதிரான இன்னொரு காட்சி நினைவுக்கு வரும். ஒரு பெரிய மண்டபத்தின் கூரைக்கடியில், தோளோடு பிய்த்தெடுக்கப்பட்ட ஒரு கை தொங்குகிறது. ஊரே கூடி நின்று அண்ணாந்து பார்க்கிறது.

அந்தக் கை கிரென்டெலுடையது, காவியம் ‘பேவுல்ஃப்’. பழைய ஆங்கிலத்தில் 3182 அடிகள் கொண்ட இந்தக் கவிதை ஏறத்தாழ கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. 1731இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் அதுவும் ஓரம் கருகித் தப்பியது. முழுக்க அச்சேறியது 1815இல், கோபன்ஹேகனில். இயற்றியவர் பெயர் தெரியாது. எந்த நூற்றாண்டில் இயற்றப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே சண்டை ஓய்ந்தபாடில்லை. கதை நிகழும் இடம் இங்கிலாந்தே அல்ல. டென்மார்க்கும் தென் ஸ்வீடனும்தான். ஹ்ரோத்கார் என்ற டேனிய அரசன் ஹியரட் என்னும் மண்டபம் கட்டுகிறான். அங்கே யாழிசையும் பாட்டும் எழுகின்றன. சதுப்பு நிலத்து இருட்டில் கிடக்கும் கிரென்டெலுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரவில் வந்து வீரர்களைத் தின்கிறான். கடல் கடந்து வந்த பேவுல்ஃப் அவன் கையைப் பிய்த்துவிடுகிறான். பழிவாங்க வந்த தாயை, அவள் வாழும் நீர்நிலைக்குள் மூழ்கிச் சென்று கொல்கிறான். ஐம்பதாண்டு அரசாண்ட பிறகு, முதுமையில், புதையல் காக்கும் நெருப்புப் பாம்போடு பொருதித் தானும் மாண்டுபோகிறான்.

நம்மவர்க்கு இதில் ஓர் எதிர்பாராத உறவு இருக்கிறது: பன்றி. பேவுல்ஃப் காவியத்தின் வீரர்கள் தலைக்கவசத்தில் காட்டுப்பன்றி உருவைச் சூடிப் போருக்குப் போகிறார்கள். அது உயிர்காக்கும் என்பது நம்பிக்கை. இது கவிக்கற்பனை அல்ல. 1848இல் டெர்பிஷயரின் பென்டி கிரேஞ்ச் என்னுமிடத்தில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது, உச்சியில் பன்றி நிற்கும் ஏழாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் கிடைத்தது. 1939இல் சட்டன் ஹூவில் வெளிப்பட்ட கவசத்தின் புருவ முனைகளிலும் பன்றித் தலைகள். ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸ், முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே, பால்டிக் கரையில் வாழ்ந்த ஒரு குலத்தார் ஆயுதத்துக்குப் பதில் பன்றி உருவங்களை அணிந்ததாக எழுதுகிறார்.

இங்கேயும் பன்றி அரசர்களின் விலங்குதான். சாளுக்கியரின் முத்திரை வராகம்; நம் பாட்டன்மார் எண்ணிய பொற்காசு வராகன். மத்தியப் பிரதேசத்து ஏரணில் ஹூண அரசன் தோரமாணனின் பெயர் பொறித்த பெரிய கல்வராகம் ஏறத்தாழ கி.பி. 500ஐச் சேர்ந்தது. பேவுல்ஃபின் மாமன் ஹிகெலாக் பிராங்கியர் மீது படையெடுத்து மாண்ட நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர்கள் 520ஐ ஒட்டி வைக்கிறார்கள். இரண்டு மூலைகளில், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், பன்றியின் கீழ் மனிதர்கள் போருக்குப் போயிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. தரையைக் கிளறி, அஞ்சாமல் நேரே பாயும் விலங்கைப் பார்த்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான். ஸ்ரீமுஷ்ணத்தில் கோரைக்கிழங்கும் பிரசாதம். தெய்வமானாலும் பன்றிக்குப் பிடித்தது எது என்பதை ஊர் மறக்கவில்லை.

அங்கே வீரன் பன்றியை அணிகிறான். இங்கே வீரனே பன்றி. விலங்கு உருவும் மனித உருவும் கலந்த ஒன்று தண்ணீருக்கடியில் பாய்வதை ஒரு டேனியன் பார்த்திருந்தால், சந்தேகமின்றி அதை அரக்கர் பட்டியலில்தான் சேர்த்திருப்பான். ஆனால் பேவுல்ஃப் கவிஞனிடமும் இந்த எல்லை அவ்வளவு உறுதியானதல்ல. ‘அக்லேக்கா’ என்று ஒரு பழஞ்சொல். கிரென்டெலைக் குறிக்கவும் நெருப்புப் பாம்பைக் குறிக்கவும் அதைப் பயன்படுத்துகிறான். அதே சொல்லால் பேவுல்ஃபையும் குறிக்கிறான். அகராதிக்காரர்கள் தவித்து, ஒரே சொல்லுக்கு ஓரிடத்தில் அரக்கன் என்றும் இன்னோரிடத்தில் வீரன் என்றும் பொருள் எழுதினார்கள். கவிஞனுக்கு அந்தத் தவிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

போர்முறையைப் பாருங்கள். கிரென்டெலுக்கு ஆயுதப் பழக்கம் இல்லை என்பதால் தானும் வாள் எடுக்கமாட்டேன் என்கிறான் பேவுல்ஃப். பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் இந்த அறம் இடம் மாறியிருக்கிறது. இரணியாட்சன் அடித்த அடியில் வராகத்தின் கையிலிருந்த கதை நழுவி விழுகிறது. வாய்ப்பிருந்தும் அசுரன் அடிக்கவில்லை. ஆயுதமிழந்தவனை அடிப்பது போரறமல்ல என்று நிற்கிறான். அவன் இறந்து விழும்போது, இப்படியொரு சாவு யாருக்கு வாய்க்கும் என்று பிரமனே வியக்கிறான்.

இந்தப் பெருந்தன்மைக்கு அடிப்படை வம்சக் கதையில் இருக்கிறது. இரு மரபிலும் அரக்கன் சாபத்தின் பிள்ளை. கிரென்டெல் தம்பியைக் கொன்ற காயீனின் வழிவந்தவன். கிறிஸ்தவனான கவிஞன் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். இரணியாட்சன் வைகுண்டத்து வாயிற்காவலன். முனிவர் சாபத்தால் மண்ணுக்கு வந்தவன். காயீன் குலத்துச் சாபத்துக்கு முடிவில்லை. வாயிற்காவலர்களுக்கோ மூன்று பிறவிக் கணக்கு. அந்தப் பிறவிகளின் பெயர்களைக் கேட்டால் நம் காவியங்களின் எதிர்நாயகர் வரிசையே வந்துவிடும்: இரணியர், பிறகு இராவணனும் கும்பகருணனும், பிறகு சிசுபாலனும் தந்தவக்கிரனும். யுத்தகாண்டத்துக்கு நடுவே இரணியன் கதையைத் தனிப் படலமாக வைத்து, அவனைச் சாகும்வரை தலைகுனியாதவனாகக் காட்டக் கம்பனுக்குத் துணிவு தந்ததும் இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன்.

இதை வைத்து, நம் மரபு கருணையுள்ளது, அவர்களுடையது கொடூரமானது என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் அசுரனுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பகுதி அவன் பழைய பதவிக்குக் கிடைப்பது. அவன் வீழ்ந்த மேன்மகன். அந்தப் பூர்வீகம் இல்லாதவன் கதி என்ன? ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்திலேயே, தில்லையில், ஆடும் திருவடிக்கடியில் முயலகன் கிடக்கிறான். அவனைக் கொல்லவில்லை, விடுவிக்கவுமில்லை. அவன் விலாசம் அந்தப் பாதம்தான். கிரென்டெலுக்கு நெருங்கிய உறவினன் இரணியாட்சன் அல்ல, முயலகன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று: வராகம் தோற்காது. கதை கேட்பவர் எல்லோரும் அதை அறிந்தே கேட்கிறார்கள். பேவுல்ஃப் தோற்கக்கூடியவன், இறுதியில் தோற்பவன். 1936இல் டோல்கீன் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்த இடத்தைத்தான் தொட்டது. அதுவரை அறிஞர்கள் காவியத்தில் வரலாற்றைத் தேடி, அரக்கர்களைப் பிள்ளைக்கதை என்று ஒதுக்கினார்கள். அரக்கர்கள்தான் மையம், மனிதன் வெல்லமுடியாத ஒன்றோடு மோதி வீழ்வதே பொருள் என்றார் அவர். நம் புராணத்தில் அந்தத் துயரத்துக்கு இடமில்லை. முதிய அரசன் பாம்பின் முன் நிற்கும்போது உடன்வந்த வீரர்கள் காட்டுக்குள் ஓடிவிட, விக்லாஃப் என்ற இளைஞன் மட்டும் அருகில் நிற்கும் காட்சிக்கு நிகராக வராக புராணத்தில் ஒன்றைத் தேடுவது வீண். புறநானூற்றில் தேடலாம்.

கிரென்டெலின் தாய்க்குக் கவிஞன் பெயர்கூட வைக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறான்: அவள் அந்த நீர்நிலையை நூறு அரையாண்டுகள் ஆண்டாள் என்கிறான். பேவுல்ஃப் நாடாண்டதும் ஐம்பது ஆண்டு. அவள் மண்டபத்துக்கு வந்தபோது, கூரைக்கடியில் தொங்கிய மகனின் கையை எடுத்துக்கொண்டு போனாள்.