காடு வெட்டிய கைகளின் கணக்கு

மூணாறு மலையைத் ‘திறந்தவர்’ யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர் ஜான் டேனியல் மன்றோ. 1877 ஜூலையில் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கியவர் அவர். ஏறக்குறைய 227 சதுர மைல். இரண்டே ஆண்டில் துரைமார்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். முதலில் காப்பி, சிங்கோனா, பிறகு தேயிலை. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவுடன் காடு தானாக விழுந்துவிடுமா? மரத்தில் கோடாலி வைத்தது யார்?

நாங்கள் தேனி மாவட்டத்துக்காரர்கள். எங்கள் காலனிகளில் மூன்று தலைமுறைக்கு முந்தைய கதையைக் கேட்டால் பாதிப் பேர் “எங்க தாத்தா மலைக்குப் போனவரு” என்றுதான் தொடங்குவார்கள். பீர்மேடு, மூணாறு, வண்டன்மேடு என்று இடம் மட்டும் மாறும். மலையேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். இது தற்செயல் அல்ல. கீழே நிலம் இருந்தவன் மேலே போகவில்லை. சொந்த நிலமில்லாதவன், பண்ணையில் கூலிக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டவன், பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தவன்தான் கங்காணியிடம் முன்பணம் வாங்கினான்.

அந்த முன்பணம் சாதாரணக் கடன் அல்ல. 1859-ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்த மீறல் சட்டப்படி, பணம் வாங்கிவிட்டு வேலைக்குப் போகாத கூலியை மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பலாம். அது போதாதென்று மதராஸ் மாகாணத்தில் 1903-இல் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. காய்ச்சலுக்குப் பயந்து மலையிலிருந்து ஓடி வந்தவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. அவனைக் காய்ச்சலில் சாகவிட்டவர் கனவான்.

காடு வெட்டுவது எப்படிப்பட்ட வேலை? இலங்கைக் காப்பித் தோட்டத் துரைமார்கள் அதைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிவிட்டு மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்த்தால், அவை கீழ்வரிசை மேல் விழும். அது அதற்கும் கீழே உள்ளதைச் சாய்க்கும். ஒரு மலைச்சரிவே இடி போன்ற சத்தத்தோடு படுத்துவிடும். கொடி பின்னிக் கிடக்கும் காட்டில், ஒரு மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பாதி வெட்டிய மரங்களுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அதை எந்தத் துரையும் எழுதவில்லை. விழுந்த காடு காய்ந்ததும் தீ வைத்தார்கள். சாம்பலில் குழி தோண்டினார்கள். குழிக்குள் போனது செடி மட்டும் அல்ல. மலேரியாவில் செத்தவர்களும் அதே மண்ணுக்குள்தான் போனார்கள். மருத்துவர் பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய நாவலை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அது ஆனைமலைக் கதை. எங்கள் மலையின் கதையை எழுத எங்களுக்கு ஒரு டேனியல் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காடு யாருமற்ற காடு அல்ல. முதுவர்களும் பளியர்களும் வாழ்ந்த இடம். நிலமில்லாத நம் முன்னோரின் கையில் கோடாலியைக் கொடுத்துத்தான் இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களின் காடு அழிக்கப்பட்டது. வெட்டியவனுக்கும் நிலம் கிடைக்கவில்லை; வாழ்ந்தவனுக்கும் காடு மிஞ்சவில்லை.

மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் வந்தது. ஆட்களோ அதே மலையில் கால்நடையாக ஏறி இறங்கினார்கள்.

விடுதலைக்குச் சற்று முன்புதான் அரசு இவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் அமைக்கப்பட்ட ரேகே குழு, தோட்டத் தொழிலாளர் நிலையையும் விசாரித்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் எல்லாம் உரிமை என்றது. ஆனால் அதில் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா மட்டுமே இருந்தன. எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த ஏலக்காய் இல்லை. அதைச் சேர்க்க 1981-இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் சட்டத்துக்கு வெளியே நின்றது. ஏலமலையில் சிறு தோட்டங்கள் ஏராளம்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று ஊர் ஊராக விடியுமுன் ஜீப்கள் கிளம்புகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகின்றன. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் அதிக நிழல் ஆகாது. அதிக விளைச்சல் தரும் ஞள்ளானி ரகம் பரவிய பிறகு வெளிச்சம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏலமலைக் காடுகளில் மரத்தை முதலாளி இஷ்டத்துக்கு வெட்டிச் சாய்க்க முடியாது, கிளையைக் கழிக்கலாம். மரத்தைச் சாய்க்க ஏற வேண்டியதில்லை, கிளையைக் கழிக்க ஏறியாக வேண்டும். பருவமழைக்கு முன்னால் ஆயினிப்பலா, சந்தனவேம்பு, முள்முருங்கை என்று மரம் மரமாக ஏறுகிறவர்கள் நம் ஆட்கள். கோடை மழையில் நனைந்த பட்டை, பாசி, கையில் அரிவாள், இடுப்பில் ஒரு கயிறு. பல பேருக்கு அந்தக் கயிறும் இல்லை.

கிளையின் அடிப்பக்கத்தில் முதலில் ஒரு வெட்டுப் போடாவிட்டால், பாதியில் பட்டை கிழிந்து கிளை ஆள் பக்கமே திரும்பி அடிக்கும். கிளை ஏலத்தூர் மேல் விழவும் கூடாது. விழுந்தால் கங்காணி கத்துவார், கூலியில் பிடிப்பார். ஆள் விழுந்தால்? அதே ஜீப்பில் கம்பத்துக்கு அனுப்பி வைப்பார்கள். கையில் கொஞ்சம் பணம். அத்தோடு முடிந்தது.

கழித்த கிளைகளை இழுத்து ஒதுக்குவதும், களை பிடுங்குவதும், செடியடியில் காய்ந்த தட்டையை அகற்றுவதும் பெண்களின் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். காலில் அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும். நாற்பது வயதில் முதுகு நிமிராத எங்கள் அக்காமார்களை எந்தப் பதிவேடும் ‘வேலையால் காயமடைந்தவர்’ என்று எழுதுவதில்லை. மரம் அறுக்கும் மிஷின் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போகிறது, குளிரில் வெளுத்துப்போகிறது. இது மருத்துவ உலகம் நன்கு அறிந்த தொழில்நோய். நம்மவர் அதை “வாயு” என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் ஜீப் ஏறுகிறார்.

சின்னமனூர்ப் பக்கத்துக் காலனியில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். முப்பது வருடம் மரம் ஏறியவர். இப்போது ஊன்றுகோல். “மரத்துல நிக்கிறப்ப பயமே இல்லப்பா. வீட்டுக்கு வந்து படுத்தாத்தான் கால் வெடவெடங்கும்” என்றார். எத்தனை முறை விழுந்தீர்கள் ஐயா என்று கேட்டோம். “விழுந்தத எதுக்கு எண்ணிக்கிட்டு. எந்திரிச்சத எண்ணு.”

அந்தத் துரைமார்களின் பிரிட்டனில் இன்று இதே வேலைக்குப் பயிற்சிச் சான்றிதழ் உண்டு. கச்சை, தலைக்கவசம், விபத்து நடந்தால் மேலேறி மீட்கத் தெரிந்த இன்னொரு ஆள் எல்லாம் கட்டாயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-இல் வனத்தொழில் பாதுகாப்புக்கென்றே நடைமுறை விதிகளை வெளியிட்டது. அறிவு இல்லாமல் நம் ஆட்கள் விழவில்லை. யார் உயிருக்குச் செலவு செய்வது என்ற கணக்கில்தான் விழுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு தீ விபத்துகள் போதும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றம் வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே அழுதது, விசாரணை நடந்தது. அழ வேண்டிய சாவுதான், நாங்களும் அழுதோம். 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வேளையில், கேரளத் தோட்டத்திலிருந்து காட்டு வழியாக ஊர் திரும்பிய போடி ராசிங்காபுரத்துத் தொழிலாளர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது எங்கள் பெண்கள் உயிர் தப்பி இறங்கி வந்ததும் இப்படிப்பட்ட காட்டுப் பாதைகளில்தான்.

நம் இயக்கங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயில் நுழைவுக்கும், தேநீர்க் கடை இரட்டைக் குவளைக்கும் போராடிய நாம், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவனுக்காக எத்தனை முறை தெருவுக்கு வந்தோம்? விபத்து கேரளத்தில், ஆள் தமிழ்நாட்டில் என்று இரண்டு அரசும் கைகழுவுவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கேட்க வேண்டியவை தெளிவானவை. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். மரம் ஏறும் ஒவ்வொருவருக்கும் கச்சையும் தலைக்கவசமும் முதலாளி செலவில் தர வேண்டும். தோட்டம் எத்தனை ஹெக்டேர் என்று பார்க்காமல் இழப்பீடு தர வேண்டும்.

அதற்கு முன்னால் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் காலனியில் மலையில் விழுந்தவர்கள், திரும்பி வராதவர்கள், முதுகு போனவர்கள் எத்தனை பேர்? பெயர், வருடம், எந்த மலை, என்ன வேலை. ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். மன்றோவுக்குப் பத்திரம் இருந்தது. நம்மிடம் அந்த நோட்டாவது இருக்கட்டும்.

ஜெய் பீம்.