விசாரிப்பவர் யார்?

காவலர் கையில் ஓர் உயிர் போகுமாயின், அதை விசாரிக்க வேண்டியவர் யார்? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் மெல்ல மெல்லவே விடை கண்டது.

நெடுங்காலமாகக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களே இத்தகைய சாவுகளை விசாரித்து வந்தனர். அரசின் ஒரு கரத்தை மறு கரமே சோதித்தது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 நெறிகளை வகுத்தது. 2005-இல் இயற்றப்பட்ட திருத்தமோ, காவலில் நேரும் சாவை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் எனப் பணித்தது.

அத்திருத்தத்தின் அருமையை நாம் உணர்ந்தது 2020 ஜூனில். சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும், நம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள கோவில்பட்டியில் சிறைவைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை ஏற்றது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்நிலையத்துக்கே சென்றார். அங்கிருந்த காவலர்கள் ஒத்துழைக்கவில்லை. கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே தடயங்களைக் காக்க, நிலையமே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கப்பட்டது. அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை நடுவரிடம் மறைக்காமல் உரைத்தார்.

சட்டம் ஏட்டில் முன்பே இருந்தது. அதற்கு உயிரூட்டியவர்கள், தளராது கேட்ட நடுவரும் அஞ்சாது சொன்ன அக்காவலருமே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. இனி எங்கேனும் காவலில் ஒருவர் இறந்தால், நீதித்துறை நடுவர் வந்தாரா என்று முதலில் கேட்போம். அவ்வாறு கேட்பது கலகமன்று. சட்டம் நமக்குத் தந்துள்ள உரிமை.