பாலின மாற்றத்தின் சட்ட ஏற்பும் சமயங்களும்: தாமிரபரணிப் பகுதி

பிறப்பில் பதியப்பட்ட பாலினம் தம்முடையதன்று என ஒருவர் அறிவிக்கும்போது, அவர் உணரும் பாலினத்தை அரசு ஆவணங்களில் ஏற்றுக்கொள்வதே பாலின மாற்றத்தின் சட்ட ஏற்பு. இந்தியாவில் திருமணமும் வாரிசுரிமையும் பெரும்பாலும் சமயவழித் தனிநபர் சட்டங்களின் கீழ் வருகின்றன. அதனால் ஆவணம் மாறியவுடன் சமயமும் பதில் சொல்ல வேண்டியதாகிறது. இது குறித்து நாடெங்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு ஒன்று, 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில் நடந்த திருமணத்திலிருந்து பிறந்தது.

வழிபாட்டு மரபு

நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில் இவ்வழிபாட்டின் முதன்மைத் தலங்களுள் ஒன்று. மோகினி வடிவெடுத்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்தவர் சாஸ்தா என்பது புராணம். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் உள்ள ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர். அவர் திருவாய்மொழியின் 27 பதிகங்களைத் தாய், தோழி, மகள் ஆகிய பெண்களின் நிலையில் நின்று பாடினார். மகளாக நிற்கும் அவரை வைணவர் பராங்குச நாயகி என்பர். இவை தெய்வத்தையும் பக்தியையும் பற்றிய மரபுகள். மனிதரின் பாலின மாற்றத்துக்கு விதி வகுத்தவை அல்ல. மோகினி கதையைப் பக்தியோடு கேட்கும் குடும்பமே, தன் பிள்ளை திருநங்கை என்று அறிந்ததும் வீட்டைவிட்டு விலக்கிய துயரம் இங்கும் உண்டு.

சட்டத்தின் வருகை

தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில், தம் பாலினத்தைத் தாமே முடிவுசெய்வது ஒருவரின் உரிமை என்றது. அத்தீர்ப்பு திருநங்கையர் வரும் இராமாயணக் கதையையும், திருநங்கையர் கூடும் கூவாகத் திருவிழாவுக்கு அடிப்படையான அரவான் கதையையும் எடுத்துக்காட்டியது. திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அடையாளச் சான்று வழங்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் சேர்ந்தது.

தூத்துக்குடி வழக்கு

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணம் செய்துகொண்டனர். இருவரும் இந்துக்கள். சார்பதிவாளர் அலுவலகம் திருமணத்தைப் பதிய மறுத்தது. மாவட்டப் பதிவாளரும் அந்த மறுப்பையே உறுதிசெய்தார். தனிநபர் சட்டத்துக்கோ வழக்கத்துக்கோ ஒவ்வாத திருமணத்தைப் பதிய மறுக்கலாம் என்று 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வரும் ‘மணமகள்’ பெண்ணையே குறிக்கும் என்றது அரசுத் தரப்பு.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று அந்த வாதத்தைத் தள்ளினார். ‘மணமகள்’ காலத்தோடு பொருள் விரியும் சொல். அதில் திருநங்கையும் அடங்குவார் என்றார். பதிவுத் திருமணம் ஒரு வழி, சடங்குத் திருமணம் மற்றொரு வழி என விளக்கினார். கோயிலில் நடந்த மணத்தைப் பதிய மறுத்தது அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் சமய உரிமையையும் மீறியது என்றும் கூறினார். இவ்வழக்கின் தனிச்சிறப்பு இதுவே. திருநரின் உரிமையும் சமயமும் எதிரெதிர் நிற்பவை என்று பேசப்படுவதுண்டு. தன் சமய முறைப்படி மணம் செய்யும் உரிமை திருநங்கைக்கும் உண்டு என்று இத்தீர்ப்பு நிலைநாட்டியது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் அது அரசுக்கு உத்தரவிட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அதற்கான அரசாணையை வெளியிட்டது.

கிறித்தவமும் இசுலாமும்

பாளையங்கோட்டையை மையமாகக் கொண்ட திருநெல்வேலித் திருமண்டலம் ஆங்கிலிக்க மரபில் வளர்ந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. அம்மரபின் தாய்நாடான இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பாலின மாற்றத்தை ஏற்றது. ஆனால் அப்படி மாறியவருக்குத் திருமணம் நடத்தும்படி குருமாரைக் கட்டாயப்படுத்தவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2023-இல் திருநர் நிபந்தனைகளோடு ஞானஸ்நானம் பெறலாம் என்றது. 2024-இல் வெளியிட்ட ஆவணத்தில் பாலின மாற்றச் சிகிச்சையை எதிர்த்தது. தமிழ்நாட்டில் பாரதி என்னும் திருநங்கையை இந்திய சுவிசேஷத் திருச்சபை போதகராக ஏற்றது.

இசுலாமியச் சட்டநூல்கள் இடைப்பாலினத்தவரின் வாரிசுரிமையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்தன. ஈரானில் கொமேனியின் பத்வா 1980-களிலேயே பாலின மாற்றச் சிகிச்சைக்கு இடம் தந்தது. பாகிஸ்தானில் 2018-இல் இயற்றப்பட்ட திருநர் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2023-இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் செல்லாதவை என்றது. ஒரே சமயத்துக்குள்ளும் ஒரே பதில் இல்லை.

இன்றைய நிலை

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆனால் ஆண்-பெண் உறவில் உள்ள திருநர், தனிநபர் சட்டங்கள் உட்பட நடப்புச் சட்டங்களின் கீழ் மணம் செய்யலாம் என்று உறுதிப்படுத்தியது. பதிவாளர் மறுத்தால் இனி சட்டம் துணை நிற்கும். ஆனால் ஊர் வழக்கத்தை மாற்ற அந்தச் சட்டம் மட்டும் போதாது. நெல்லைப் பகுதியின் பல குலதெய்வக் கோயில்களில் கொடை விழாவுக்கான வரி தலைக்கட்டு எனப்படும் குடும்பக் கணக்கில் பிரிக்கப்படுகிறது. திருநங்கையையும் திருநம்பியையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை அக்கோயிலுக்கு உரிய பங்காளிகளே முடிவுசெய்ய வேண்டும். திருநரையும் உரிய இடத்தில் சேர்த்து வரி வாங்கும் கோயிலே தூத்துக்குடித் தீர்ப்பை முழுமையாக்கும்.